சர்க்கஸ் வண்டி கிளம்ப யார் காசு கொடுப்பது? கியூபெக் சுற்றுப்பயண மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியல் நகரத்தில் சின்னச் சின்ன சர்க்கஸ் குழுக்களுக்கும் பல்துறைக் கலைக் குழுக்களுக்கும் மானிய விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் கணக்குப் பார்ப்பதும் என் பிழைப்பு. "சர்க்கஸுக்கு அரசாங்கம் காசு கொடுக்குதா?" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். டொராண்டோ பக்கத்து நண்பர்கள் சிரிக்க மாட்டார்கள், "எங்களுக்கும் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். மானியத் தொகையின் உச்சவரம்பும் கடைசித் தேதியும் அடிக்கடி மாறும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. மானியம் தரும் அந்தந்தக் கலை மன்றத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமகால சர்க்கஸ் என்றால் என்ன? யானை, சிங்கம் இல்லாத சர்க்கஸா?

யானை, சிங்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்துச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நாம் சின்ன வயதில் பார்த்த ஜெமினி சர்க்கஸில் ஒன்றன்பின் ஒன்றாக வித்தைகள் வரும். ஒரு வித்தைக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இருக்காது. சமகால சர்க்கஸில் வித்தை ஒரு மொழி மாதிரி. ஒருவன் கம்பத்தின் உச்சியிலிருந்து தலைகீழாகச் சரிந்து தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறான் என்றால், அந்த ஒரு சாணில்தான் கதையோ உணர்ச்சியோ இருக்கும். நாடகம், நடனம், இசை எல்லாம் அதோடு கலந்து வரும்.

கருவிகள் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. சீனக் கம்பம் என்பது நம் விழுப்புரத்துப் பிள்ளைகள் ஏறும் மல்லர் கம்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. கொரியப் பலகை என்பது பூங்காவில் இருக்கும் சீசாவின் முரட்டு அண்ணன்: ஒரு பக்கம் ஒருவர் குதித்தால் மறுபக்கம் இருப்பவர் கூரையைப் பார்த்துப் பறப்பார். சிர் சக்கரம் என்று ஒன்று உண்டு, ஆள் உயரத்துக்கு மேலான ஒற்றை வளையம். உள்ளே நின்று சுழலுவார்கள். அது டேனியல் சிர் என்ற கியூபெக்காரரின் பெயரில் வழங்குகிறது.

'பல்துறை' என்று எதைச் சொல்கிறார்கள்? பரதநாட்டியத்துக்குப் பின்னால் வீடியோ ஓடவிட்டால் பல்துறை ஆகிவிடுமா?

ஆகாது. அது வீடியோ போட்ட பரதநாட்டியம். நடனப் பிரிவிலேயே விண்ணப்பியுங்கள், வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று கலைகள் ஒன்றுக்கொன்று துணையாக நிற்காமல், ஒன்றை எடுத்தால் மற்றது விழுந்துவிடும் அளவுக்குப் பின்னியிருந்தால்தான் தேர்வுக்குழு அதைப் பல்துறை என்று ஒத்துக்கொள்ளும். நான் பயன்படுத்தும் சோதனை எளிது. வீடியோவை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். நிகழ்ச்சி அப்படியே நடந்தால் அது பல்துறை இல்லை.

கியூபெக்கின் பெரிய சர்க்கஸ் நிறுவனமான சர்க் து சொலேய் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறதே, அப்புறம் எதற்கு வரிப்பணம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1984-இல், பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியே கனடாவுக்கு வந்த 450-ஆம் ஆண்டைக் கியூபெக் கொண்டாடியது. பே-சாங்-போல் என்ற ஊரில் பொய்க்கால் கட்டித் தெருவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு, மாகாணத்தின் ஊர்களைச் சுற்றி நிகழ்ச்சி நடத்த அரசு அப்போது பணம் கொடுத்தது. அந்தச் சுற்றுப்பயணம்தான் சர்க் து சொலேயின் பிறப்பு. முதல் கூடாரம் மாகாணத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் காஸ்பேயில் போடப்பட்டது. அதாவது இன்று எல்லோரும் "தனியார் வெற்றி" என்று சுட்டிக்காட்டும் நிறுவனம் பிறந்ததே ஒரு சுற்றுப்பயண மானியத்தில்தான். 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸ் விழாவுக்குப் போனபோது, கூட்டம் வராவிட்டால் திரும்பி வரக் கையில் காசில்லை என்ற நிலையில்தான் போனார்கள். கூட்டம் வந்தது, பிழைத்தார்கள். 1992-க்குப் பிறகு மானியம் வாங்கவில்லை என்று நிறுவனமே பெருமையாகச் சொல்லிவந்தது.

ஆனால் ஒரு சர்க் து சொலேய் பணக்காரன் ஆனதால் மற்ற குழுக்கள் எல்லாம் பணக்காரர் ஆகிவிடவில்லை. சர்க் எலுவாஸ் (1993), லே செத் துவா என்ற 'ஏழு விரல்கள்' (2002), சாங்-அல்ஃபோன்ஸ்-ரோத்ரிகேஸ் கிராமத்தில் ஒரு குடும்பத்தைச் சுற்றி வளர்ந்த சர்க் அல்ஃபோன்ஸ், கியூபெக் நகரத்து மஷீன் து சர்க், ஃபிலிப் ஃபாப்ரிக் என்று வரிசையாக வந்த குழுக்கள் லாஸ் வேகாஸில் நிரந்தர அரங்கு வைத்துப் பிழைப்பவை அல்ல. அவற்றின் பிழைப்பு பயணத்தில்தான். இன்று ஒரு ஊர், நாளை மறுநாள் இன்னொரு ஊர்.

கியூபெக் அரசு 2001-இல் சர்க்கஸைத் தனிக் கலையாக அங்கீகரித்தது. அதுவரை சர்க்கஸ்காரர்கள் நாடகம் என்றும் நடனம் என்றும் வேஷம் கட்டி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பள்ளி அதற்கு முன்பே வந்துவிட்டது: தேசிய சர்க்கஸ் பள்ளி 1981-இல் தொடங்கியது. சர்க்கஸ்காரர்களின் சங்கமான ஆன் பிஸ்ட் 1996-இல். 2004-இல் சாங்-மிஷேல் பகுதியில், ஒரு காலத்தில் கல்குவாரியாகவும் பிறகு குப்பைமேடாகவும் இருந்த இடத்தின் ஓரத்தில், தொஹு என்ற வட்ட அரங்கம் எழுந்தது. தமிழர்கள் நிறைய வசிக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து அது ரொம்பத் தூரமில்லை. பாதிப் பேர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்பது என் மனக்குறை.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் சர்க் து சொலேயே எல்லா நிகழ்ச்சிகளையும் நிறுத்தி, ஏறக்குறைய மொத்த ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. சில மாதங்களில் நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்பு கேட்டு நின்றது. மானியம் வேண்டாதது என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் நினைவுபடுத்துவேன்.

பணம் எங்கிருந்து வருகிறது?

கியூபெக் மாகாணத்தில் முதல் கதவு 'கால்க்'. கியூபெக் கலை இலக்கிய மன்றத்தின் பிரெஞ்சுப் பெயர்ச் சுருக்கம் அது. 1994-இலிருந்து இயங்குகிறது. சர்க்கஸ், பல்துறைக் கலை இரண்டுமே அதன் பட்டியலில் தனித்தனித் துறைகள். மாகாணத்துக்குள் சுற்றுவதற்கும் வெளியே போவதற்கும் வெவ்வேறு விண்ணப்பம் போட வேண்டும்.

அடுத்தது கனடா கலை மன்றம், மத்திய அரசின் பணம். 2017-இல் அங்கே பழைய திட்டங்களை எல்லாம் கலைத்து ஆறாகச் சுருக்கினார்கள். நாட்டுக்குள் சுற்ற ஒரு திட்டம், வெளிநாடு போக ஒன்று, பூர்வகுடிக் கலைஞர்களுக்கென்றே ஒன்று என்று போகும்.

மாண்ட்ரியல் கலை மன்றம் 1956-இலிருந்து இருக்கிறது, கனடா மன்றத்துக்கே ஒரு வருடம் மூத்தது. அது நகரத்தின் பேட்டைகளுக்குள் நிகழ்ச்சிகளைச் சுற்ற அனுப்பும். லாபத்துக்கு நடக்கும் நிறுவனம் என்றால் கால்க் பக்கம் போக வேண்டாம், சோதெக் என்ற வேறொரு அமைப்பு இருக்கிறது. கலைஞர்களுக்கு நேராகக் கொடுக்காமல், விழா நடத்துகிறவர்களுக்கும் அரங்கு நடத்துகிறவர்களுக்கும் மத்திய பண்பாட்டுத் துறை கொடுக்கும் நிதியும் உண்டு. அது உங்கள் கைக்கு வராது. ஆனால் உங்களை அழைக்கிற அரங்கின் கையில் அது இருந்தால் உங்கள் சம்பளத்தில் தெரியும்.

படைப்பு மானியத்துக்கும் சுற்றுப்பயண மானியத்துக்கும் என்ன வித்தியாசம்?

படைப்பு மானியம் நிகழ்ச்சியை உருவாக்கத் தருவது. சுற்றுப்பயண மானியம் தூரத்துக்குத் தருவது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. ஆறு கலைஞர்கள், இரண்டு தொழில்நுட்பக்காரர்கள், மூன்று வாரத்தில் கிழக்குக் கியூபெக்கில் எட்டு ஊர். ஒவ்வொரு அரங்கும் 7,000 டாலர் தருகிறது, மொத்தம் 56,000. செலவைப் பாருங்கள். எட்டுப் பேருக்கு வாரம் 1,400 வீதம் மூன்று வாரச் சம்பளம் 33,600. இருபது இரவுக்கு ஐந்து அறை, அறைக்கு 150 என்றால் 15,000. சாப்பாட்டுப் படி ஆளுக்கு நாளுக்கு 65 வீதம் இருபது நாளுக்கு 10,400. லாரி, வேன், பெட்ரோல், படகு எல்லாம் 9,000. காப்பீடும் ரிக்கிங் (கயிறு, கொக்கி கட்டித் தொங்கவிடும் வேலை) பரிசோதனையும் 4,000. அலுவலகச் செலவு 5,000. கூட்டினால் 77,000. துண்டு விழுவது 21,000.

அந்த 21,000-ஐ அடைக்கத்தான் சுற்றுப்பயண மானியம். நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், எட்டு ஊரிலும் ஒரு இருக்கை கூட மிச்சமில்லாமல் விற்றாலும், இந்தத் துண்டு விழும். முந்நூறு இருக்கை அரங்கு வைத்திருப்பவர் தரக்கூடியதற்கு ஒரு எல்லை உண்டு. தொலைவுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

யார் விண்ணப்பிக்கலாம்?

கனடாக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இருக்க வேண்டும். கால்க் என்றால் அதற்கு மேல் கியூபெக்கில் குறைந்தது பன்னிரண்டு மாதம் வசித்திருக்க வேண்டும். தனிக் கலைஞரும் விண்ணப்பிக்கலாம், பதிவு செய்த லாப நோக்கில்லாத குழுவும் விண்ணப்பிக்கலாம். பயிற்சி முடித்து, சம்பளம் வாங்கி மேடை ஏறிய வரலாறு கேட்பார்கள். பள்ளி ஆண்டுவிழா, கோயில் திருவிழா மேடைகளை மட்டும் எழுதினால் போதாது. கூடாது என்றில்லை, அதோடு வேறும் இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை. இப்போதே டூருக்குக் கேட்கலாமா?

வேண்டாம். ஒரு தடவையாவது பார்வையாளர் முன் ஆடி, முழு நிகழ்ச்சியையும் வெட்டாமல் வீடியோ எடுத்துவிட்டுக் கேளுங்கள். இசை போட்டு மினுக்கிய இரண்டு நிமிட ட்ரெய்லரைத் தேர்வுக்குழு நம்பாது.

அரங்கிலிருந்து கடிதம் வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

ஒரு ஊரில் அரங்கை வைத்து நடத்திக்கொண்டு, வெளியூர் நிகழ்ச்சிகளை விலை பேசி வாங்கி, உள்ளூரில் டிக்கெட் விற்பவரை இங்கே 'டிஃப்யூஸர்' என்பார்கள். அரங்க அமைப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் "இன்ன தேதியில், இன்ன தொகைக்கு, இத்தனை காட்சி" என்று எழுதிக் கொடுப்பதுதான் அந்தக் கடிதம். ஒப்பந்தமாகவே இருந்தால் இன்னும் நல்லது. "உங்கள் நிகழ்ச்சி அருமை, வாய்ப்பு வந்தால் அழைப்போம்" என்பது கடிதம் இல்லை, வாழ்த்து. தொகை எழுதாத கடிதத்தை நான் விண்ணப்பத்தில் சேர்ப்பதே இல்லை.

ஆக, மானியம் கேட்பதற்கு முன்பே டூரில் பாதியை விற்றிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். "பணம் கிடைத்ததும் அரங்குகளிடம் பேசுகிறோம்" என்பார்கள். நடக்காது.

அரங்குக்காரர்களை எங்கே பிடிப்பது?

சந்தையில். உண்மையாகவே சந்தைதான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கியூபெக் நகரத்தில் ரிதோ என்ற அமைப்பு ஒரு கூடல் நடத்தும். மாகாணத்து அரங்குக்காரர்கள் வந்து நிகழ்ச்சிகளை முகர்ந்து பார்ப்பார்கள். இரட்டைப்படை ஆண்டு நவம்பரில் மாண்ட்ரியலில் சினார்ஸ், அதற்கு வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். சர்க்கஸுக்கென்றே ஜூலையில் சமகால சர்க்கஸ் சந்தை, 2010-இல் தொடங்கிய மாண்ட்ரியல் கொம்ப்ளெத்மாங் சர்க் விழாவோடு சேர்ந்து நடக்கும்.

போனால் ஒருவரிடம் மட்டும் விற்றுவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பாதீர்கள். காஸ்பே பக்கம் ஒருவர் வாங்கினால், அந்த வழியில் இருக்கும் ரிமூஸ்கி, மத்தான் ஊர்க்காரர்களிடம் அன்று மாலையே போங்கள். கிழக்குக் கியூபெக் அரங்குகளுக்கு ரோசெக் என்ற கூட்டமைப்பு இருக்கிறது, அவர்கள் ஒன்றாகப் பேசி வழித்தடம் போடுவார்கள். மாண்ட்ரியலிலிருந்து காஸ்பே தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரே ஒரு காட்சிக்கு அவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறோம் என்று எழுதினால், தேர்வுக்குழுவில் இருப்பவர்களும் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர்கள்தான், சிரித்துவிடுவார்கள்.

பட்ஜெட்டில் புதியவர்கள் எதை மறக்கிறார்கள்?

முன்தினத்தை. நாடகக் குழு காலையில் வந்து மாலையில் ஆடிவிடலாம். சர்க்கஸுக்கு அது முடியாது. வான்வித்தைக் கயிறு கட்ட வேண்டும் என்றால் கூரையின் எந்தப் புள்ளி எவ்வளவு எடை தாங்கும் என்று தெரிய வேண்டும். ஐம்பத்தைந்து கிலோ பெண் கயிற்றில் அசையாமல் தொங்கினால் ஐம்பத்தைந்து கிலோதான். அவள் உச்சியிலிருந்து உருண்டு விழுந்து சடாரென்று நிற்கும் நொடியில் கூரைக்குத் தெரிகிற எடை அதைப் போலப் பல மடங்கு. அந்தக் கணக்கைப் போட ரிக்கர் வேண்டும், சில இடங்களில் பொறியாளரின் கையெழுத்தும் வேண்டும். எனவே முன்தினமே போய்ச் சேர வேண்டும். ஒரு இரவு கூடுதல் அறை, ஒரு நாள் கூடுதல் சம்பளம். எட்டு ஊருக்கு எட்டு முன்தினம் வேண்டாம், ஆனால் வான்வித்தை இருக்கும் நிகழ்ச்சிக்கு மூன்று நான்காவது வரும்.

இரண்டாவது, உயரம். ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அரங்கின் உயரம் ஏழு மீட்டர் என்று படிவத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்கள் சீனக் கம்பம் ஆறு மீட்டர், சரி என்று கிளம்பிவிட்டோம். போய்ப் பார்த்தால் ஏழு மீட்டர் என்பது கூரைக்கு. விளக்குகள் மாட்டிய குழாய்கள் ஐந்தரை மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஏற்றவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. கம்பம் இல்லாமலே ஆடினோம். கம்பக்காரப் பையன் அன்று இரவு மேடை ஓரத்தில் உட்கார்ந்து கித்தார் வாசித்தான், கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து "உயரம் எவ்வளவு?" என்று நான் கேட்பதில்லை. "தரையிலிருந்து முதல் தடங்கல் வரை எவ்வளவு?" என்று கேட்கிறேன், புகைப்படமும் கேட்கிறேன்.

மூன்றாவது, தரை. சிர் சக்கரத்துக்குச் சமதளம் வேண்டும். பழைய அரங்குகள் சிலவற்றில் மேடை பார்வையாளர் பக்கம் சரிந்திருக்கும், சக்கரம் தானாகவே முதல் வரிசையைத் தேடிப் போகும். சொந்தமாகத் தரைவிரிப்பு கொண்டுபோனால் அதன் எடையும் லாரிக் கணக்கில் வர வேண்டும்.

அப்புறம் மாற்று ஆள். இதைத் தனியாகச் சொல்கிறேன்.

நடுவழியில் ஒருவருக்கு அடிபட்டால்?

அடிபடும் என்று வைத்துக்கொண்டே பட்ஜெட் போடுங்கள். கால் பிசகுவது, தோள் நழுவுவது எல்லாம் இந்தத் தொழிலில் மழை மாதிரி. மூன்று வழிகளில் சமாளிக்கிறார்கள்: டூர் முழுக்க ஒரு மாற்றுக் கலைஞரைக் கூடவே கூட்டிப்போவது, மாண்ட்ரியலில் ஒருவரைத் தயாராக வைத்து விமானத்தில் வரவழைப்பது, ஓர் ஆள் குறைந்தாலும் ஆடக்கூடிய இன்னொரு வடிவத்தை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைப்பது. மூன்றாவதுதான் மலிவு, சின்னக் குழுக்களுக்கு என் யோசனையும் அதுதான். அந்த ஒத்திகைக்கான சம்பளத்தையும் விண்ணப்பத்தில் எழுதலாம், பெரும்பாலோர் எழுதுவதில்லை.

கியூபெக்கில் வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தருவது செனெஸ்த் என்ற அரசு அமைப்பு. ஊழியராக இருப்பவருக்கு அது தானாக வரும். சுயதொழில் என்று பில் போடும் கலைஞருக்கு வராது, அவரே பணம் கட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். குழுவில் யார் எந்த வகை என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டு பார்க்கக் கூடாது.

தீவுகளுக்கும் வடக்குக்கும் போனால் கூடுதல் பணம் உண்டா?

செலவு கூடுதல் என்பதால் கேட்கும் தொகையும் கூடும். மாண்ட்ரியலிலும் கியூபெக் நகரத்திலும் மட்டும் சுற்றுவதைவிட, தூரத்து ஊர்களைச் சேர்த்த வழித்தடத்துக்கு மன்றங்கள் காது கொடுக்கும். மாகாணத்தில் பதினேழு நிர்வாகப் பகுதிகள் இருக்கின்றன, எல்லாப் பகுதிக்காரர்களும் வரி கட்டுகிறார்கள் இல்லையா.

மக்தலீன் தீவுகள் கியூபெக்கைச் சேர்ந்தவை, ஆனால் கப்பல் ஏற வேண்டிய துறை பிரின்ஸ் எட்வர்ட் தீவில், வேறு மாகாணத்தில் இருக்கிறது. சூரிஸ் என்ற ஊரிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். காற்று அடித்தால் கப்பல் கிளம்பாது, எனவே ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கியூபெக்கின் வடகோடியான நுனாவிக் இன்னும் கடினம். வடதுருவப் பக்கத்துப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பதினான்கு கிராமங்கள், தெற்கிலிருந்து ஒன்றுக்கும் சாலை கிடையாது. எல்லாம் விமானத்தில்தான். அங்கே கொரியப் பலகையைக் கொண்டுபோக ஆகும் செலவில் கலைஞர் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம். அதனால் வடக்கே போகிறவர்கள் பெட்டியைச் சுருக்கி, கைகளையும் தோள்களையும் நம்பிய நிகழ்ச்சியாக மாற்றிக்கொள்கிறார்கள். எதிர்த்திசைப் பயணமும் உண்டு. கியூபெக்குக்கும் வடக்கே இருக்கும் நுனாவுட் பிரதேசத்தின் இக்லூலிக்கில் 1998-இல் பிறந்த ஆர்ட்சர்க் என்ற குழு, இனுயிட் இளைஞர்களின் பாட்டையும் முரசையும் சர்க்கஸையும் சேர்த்து ஆடுவது. அவர்கள் தெற்கே வருவதற்கும் அதே விமானம், அதே கட்டணம்.

யார் முடிவு செய்கிறார்கள்? அமைச்சரைத் தெரிந்திருந்தால் உதவுமா?

நம் ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. உதவாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதும் இல்லை.

கனடா கலை மன்றம் 1957-இல் உருவானபோதே அரசியல்வாதிகளின் கை எட்டாத தூரத்தில் இருக்கும்படி அமைத்தார்கள். அதற்கான முதல் பணம் வந்த கதை வேடிக்கையானது. கில்லம், டன் என்ற இரண்டு பெரும் பணக்காரர்கள் இறந்தார்கள், அவர்கள் சொத்துக்கு விதித்த மரண வரியாக அரசுக்கு ஏறக்குறைய பத்துக் கோடி டாலர் எதிர்பாராமல் வந்து விழுந்தது. அதில் பாதியை மூலதனமாக வைத்துத்தான் கலைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள், மறுபாதி பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குப் போனது.

விண்ணப்பங்களைப் பார்ப்பவர்கள் கலைஞர்களும் அந்தத் துறைக்காரர்களும். இன்று உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் அடுத்த வருடம் தானே விண்ணப்பிக்கலாம். நெருங்கிய தொடர்பு இருந்தால் அந்த விண்ணப்பத்தின்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்ன உலகம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஒரு வகை ரசனை ஓங்கிவிடுவதும் உண்டு. ஆனால் சிபாரிசுக் கடிதம் வாங்க அலையும் நேரத்தில் வீடியோவை நன்றாக எடுங்கள்.

பிரெஞ்சு தெரியாது. சமாளிக்கலாமா?

கனடா மன்றத்தில் ஆங்கிலத்திலும் எழுதலாம். கியூபெக்கில் அரங்குக்காரர்களிடம் விலை பேச பிரெஞ்சு வேண்டும். நீங்கள் பேசாவிட்டாலும் குழுவில் ஒருவர் பேச வேண்டும்.

ஒரே டூருக்கு இரண்டு மன்றங்களிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் இரண்டு இடத்திலும் மற்றதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஹோட்டல் ரசீதை இரண்டு கணக்கில் காட்டினால் பிறகு எந்தக் கதவும் திறக்காது.

அமெரிக்கா, ஐரோப்பா போவதென்றால்?

அமெரிக்காவுக்கு விசா மனுவைப் பல மாதங்களுக்கு முன்பே போட வேண்டும், அந்தக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் பட்ஜெட்டில் வரட்டும். அங்கே சம்பாதிக்கும் மொத்தத் தொகையில் முப்பது சதவீதத்தை வரிக்கென்று முதலிலேயே பிடித்துவிடுவார்கள். செலவு போக மிஞ்சியதில் இல்லை, மொத்தத்தில். குறைக்க வழி இருக்கிறது, அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு குழுவின் முதல் அமெரிக்கப் பயணத்தில் சம்பளம் கொடுக்கவே கையில் பணமில்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

கருவிகளைக் கொண்டுபோக ஏடிஏ கார்னே என்ற சுங்கப் புத்தகம் எடுக்க வேண்டும். சக்கரம், கம்பம், கயிறு, கொக்கி என்று பெட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் மதிப்போடு எழுத வேண்டும். போனது எல்லாம் திரும்பி வர வேண்டும். ஒரு கொக்கி குறைந்தாலும் கேள்விதான்.

பிரான்ஸ் நிலைமை வேறு. அங்கே 1970-களின் கடைசி வரை சர்க்கஸ் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இருந்தது, மிருகங்கள் இருந்ததால். பிறகு பண்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. இப்போது நாடு முழுக்க தேசிய சர்க்கஸ் மையங்கள் என்று பட்டம் பெற்ற அரங்குகள் இருக்கின்றன. அவை குழுக்களை அழைத்துத் தங்கவைத்து ஆடவிடும். அரங்குக்கு நஷ்டம் வந்தால் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ள ஓந்தா என்ற அமைப்பு 1975-இலிருந்து இருக்கிறது. கியூபெக்கில் துண்டு விழும் தொகை கலைஞரின் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிரான்ஸில் அதில் ஒரு பகுதியாவது அரங்கின் புத்தகத்துக்கு மாறிவிடுகிறது. என்னைக் கேட்டால் அதுதான் சரி. டிக்கெட் விற்கும் வேலை அரங்குடையது, கலைஞருடையது இல்லை.

பணம் எப்போது கைக்கு வரும்?

முடிவு தெரியச் சில மாதங்கள் ஆகும். கிடைத்தால் பெரும்பகுதி முன்னால் வரும், கடைசிப் பகுதியை அறிக்கை கொடுத்த பிறகு தருவதும் உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன் செய்த செலவை ஏற்க மாட்டார்கள். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவிலாவது போட்டு வையுங்கள்.

மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

மன்றத்தின் திட்ட அலுவலருக்கு போன் செய்யுங்கள். பேசுவார்கள், அது அவர்கள் வேலை. சண்டை போடாமல் "எந்த இடத்தில் பலவீனமாக இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "நிகழ்ச்சி பிடித்திருந்தது, வழித்தடம் நம்பும்படி இல்லை" என்று பதில் வந்தால் அடுத்த சுற்றில் கிடைக்க நல்ல வாய்ப்பு. "பணம் போதவில்லை" என்றால், நிஜமாகவே போதவில்லை என்றுதான் பல நேரம் அர்த்தம்.

சிலம்பம், கூத்து, பறை வைத்து நாங்களும் ஒரு பல்துறை நிகழ்ச்சி செய்தால் கிடைக்குமா?

டொராண்டோவிலிருந்து கேட்பவர்களுக்கு: கால்க் உங்களுக்கு இல்லை, ஒன்டாரியோ கலை மன்றத்தைப் பாருங்கள். கனடா மன்றம் எல்லா மாகாணத்துக்கும் பொது.

கிடைக்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் "ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்" என்று தொடங்காதீர்கள். நான் பார்த்த தமிழ் விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்குகின்றன. படிப்பவருக்குப் பாரம்பரியத்தின் வயது வேண்டாம். வடமோடிக் கூத்தின் ஆட்டமும் வான்கயிறும் ஒரே மேடையில் ஏன் சந்திக்கின்றன, சந்தித்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் வேண்டும். சிலம்பக் கம்பு சுற்றுகிறவரும் பந்து வீசிப் பிடிக்கும் சர்க்கஸ்காரரும் ஒரே தாளத்தில் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நிமிட வீடியோ காட்டுங்கள். அது நான்கு பக்கக் கட்டுரையைவிட அதிகம் பேசும்.

இன்னொன்று. தமிழ்ச் சங்க மண்டபங்களில் மட்டும் ஐந்து ஊர் சுற்றுவதை மன்றங்கள் சுற்றுப்பயணமாக எடுத்துக்கொள்ளத் தயங்கும், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் கலைஞருக்குச் சம்பளம் இல்லை, பொன்னாடைதான். மண்டபக்காரரிடம் தொகை எழுதிய கடிதம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார், தெரியும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.